மூடுபனிக் கரையோரத்தில் வெளியே வளர்க்க எந்த ஆர்க்கிட்?

சான் பிரான்சிஸ்கோவின் மேற்குப் பகுதியிலோ, தெற்கே டேலி சிட்டி, பசிஃபிகா பக்கமோ வீடு வாங்கிய நம்மவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. "கொல்லையில் வெயிலே வரமாட்டேன் என்கிறது. தக்காளி பழுக்கவில்லை, கறிவேப்பிலை போன வருஷம் வைத்த உயரத்திலேயே நிற்கிறது. ஆர்க்கிட் நன்றாக வரும் என்கிறார்களே, எதை வாங்கலாம்?"

வரும். கண்ணாடிக்கூடம் வேண்டாம், ஹீட்டர் வேண்டாம். வருஷம் பூராவும் வெளியிலேயே இருக்கலாம். குளிர்மலை ஆர்க்கிடுகளை இப்படித் திறந்தவெளியில் வளர்க்க முடிகிற ஊர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. பக்கத்து சான் ஹோசேக்காரர்கள் இதற்காக நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள்.

ஆனால் "எது" என்று நர்சரியில் கேட்டால் யோசிக்காமல் சிம்பிடியம் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே தள்ளிவிடுவோம். சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கி வைத்திருக்கும் ஃபலனாப்சிஸ் வெப்பமண்டலத் தாழ்நிலச் செடி. இரவில் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் முகம் சுண்டிவிடும். அது வீட்டுக்குள் ஜன்னலோரம் இருக்கட்டும்.

## மூடுபனி எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை

கரையை ஒட்டி ஓடும் கலிஃபோர்னியா நீரோட்டம் குளிர்ந்தது. கோடையில் காற்று மேல்தண்ணீரைக் கடலுக்குள் தள்ளத் தள்ள, அடியிலிருந்து இன்னும் குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று மூடுபனியாகத் திரள்கிறது. அதே சமயம் உள்ளே சென்ட்ரல் வேலி பள்ளத்தாக்கில் 40 டிகிரி கொளுத்துகிறது. அங்கே சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்று கோல்டன் கேட் வழியாகவும் மலை இடுக்குகள் வழியாகவும் பாய்ந்து வருகிறது. ட்வின் பீக்ஸ் மலைத்தொடர் அதில் பாதியை மறித்துக்கொள்வதால் மலைக்கு மேற்கே இருக்கும் சன்செட் பகுதியில் ஸ்வெட்டர், கிழக்கே மிஷன் பகுதியில் டீ-ஷர்ட்.

இதனால் ஜூலை மதியத்தில்கூட கடலோரம் 16, 18 டிகிரிதான். இரவில் 12 சுமாருக்கு இறங்கும். குளிர்காலத்திலும் பெரிய மாற்றம் இல்லை. இரவு 7, 8 டிகிரி, உறைபனி எப்போதாவதுதான். வருஷம் பூராவும் இப்படி ஒரு சின்ன இடைவெளிக்குள் வெப்பநிலை ஆடுவது ஆண்டிஸ் மலைக்காடுகளின் குணம்.

நம்மாட்களுக்கு உடனே "அப்போ ஊட்டி மாதிரி" என்று தோன்றும். குளிரைப் பொறுத்தவரை சரி. மழையைப் பொறுத்தவரை நேர் எதிர். ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டும், ஜனவரியில் காய்ந்திருக்கும். இங்கே வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதுவும் நவம்பரிலிருந்து மார்ச் வரைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஒரு சொட்டு விழுந்தாலே அதிசயம்.

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கண்ணெதிரே ஈரம் மிதக்கிறதே, செடிக்குத் தண்ணீர் எதற்கு என்று நினைக்கிறார்கள். மூடுபனி இலையை நனைக்கும், வேரை நனைக்காது. உயரமான சைப்ரஸ் மரத்தடியில் நின்றால் பனி சொட்டுவதைக் கேட்கலாம். உங்கள் டெக்கில் மரம் இல்லை. அங்கே இருப்பது பிற்பகல் கடல் காற்று, அது தொட்டியைக் காய வைத்துவிடும்.

ஆக, மூடுபனி குளிர்ச்சியைத் தருகிறது, கொஞ்சம் ஈரப்பதம் தருகிறது. தண்ணீர் தருவதில்லை. வெளிச்சத்தை எடுத்துக்கொள்கிறது. எந்தச் செடி என்பது இந்தக் கணக்கில்தான் முடிவாகிறது, பூவின் அழகில் அல்ல.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

வெளிச்சம். சன்செட்டில் அவென்யூக்கள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒன்று கிழக்குப் பார்த்திருக்கும், இல்லையென்றால் மேற்கு. கொல்லை அதற்கு நேரெதிர்ப் பக்கம். கோடையில் காலை முழுக்கப் பனி மூடியிருந்து, விலகினால் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குமேல் விலகும். நாலு மணிக்குத் திரும்பவும் வந்து கவிழ்ந்துகொள்ளும். கிழக்குக் கொல்லைக்காரர்களுக்குப் பங்காக வரும் காலை வெயிலைப் பனி தின்றுவிடுகிறது, மதியத்துக்குமேல் சொந்த வீட்டு நிழலே விழுகிறது. மேற்குக் கொல்லைக்கு மதிய வெயில் கிடைக்கும், கூடவே கடல் காற்றும் நேராக வந்து அறையும்.

வருஷத்தில் அந்த நாலைந்து சூடான நாட்கள். செப்டம்பர், அக்டோபரில் காற்று திசை மாறி உள்நாட்டிலிருந்து வீசும். 2017 செப்டம்பர் 1 அன்று நகரத்தில் 106 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 41 டிகிரி செல்சியஸ். அதுவரை பதிவாகாத உச்சம். இங்கே பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது, எனவே "உள்ளே எடுத்து வைத்துவிடலாம்" என்பதும் அவ்வளவு பலன் தராது.

குளிர்கால மழை. சில ஆர்க்கிடுகளுக்குக் குளிர்காலத்தில் வேர் காய்ந்து ஓய்வெடுக்க வேண்டும். நம் வானம் சரியாக அப்போதுதான் கொட்டுகிறது.

ஊருக்குப் போகும் மாதம். எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் இது இருக்காது. நமக்கு இதுதான் முக்கியம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று ஜூன், ஜூலையில் மூன்று வாரம், ஐந்து வாரம் மதுரைக்கோ கோவைக்கோ போய்விடுகிறோம். மழையே இல்லாத, காற்று அதிகமாக வீசும் மாதங்கள் அவை. டிசம்பரில் போகிறவர்களுக்குக் கவலை இல்லை, வானம் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர். இதில் நமக்கு அதிர்ஷ்டம். நகரக் குழாயில் வருவது பெரும்பாலும் யோசெமிட்டி பூங்காவுக்குள் இருக்கும் ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்தின் பனியுருகல் தண்ணீர். உப்பு மிகக் குறைவு. 2017 முதல் நகரில் கொஞ்சம் நிலத்தடி நீர் கலக்கிறார்கள். டேலி சிட்டியில் கிணற்று நீரின் பங்கு இன்னும் கூடுதல். ஊரில் ஆர்ஓ மெஷினுக்கு வாங்கின டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) கையிலிருந்தால் ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் ஒரு செடிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

## சிம்பிடியம்: பழகிய பெயர், ஆனால் நிழலுக்கு ஆகாது

இமயமலை, பர்மா, வியட்நாம் மலைகளின் இனங்களைக் கலந்து உருவாக்கிய பெரிய பூச் சிம்பிடியங்கள்தான் கலிஃபோர்னியாக் கரையோரத்தின் வழக்கமான ஆர்க்கிட். சீனப் புத்தாண்டு நெருங்கினால் சைனாடவுனிலும் கிளெமன்ட் தெருவிலும் கடை வாசல்களில் தொட்டி தொட்டியாக நிற்கும். ஒரு பூந்தண்டு ஆறு எட்டு வாரம் நிற்கும். உறைநிலையை லேசாகத் தொட்டாலும் சாகாது, 35 டிகிரி வந்தாலும் தாங்கும். வெப்ப அலை நாளில் தண்ணீரை ஊற்றிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகலாம்.

பூ மொட்டுக் கட்டுவதற்குக் கோடைக் கடைசியில் 14 டிகிரிக்குக் கீழான இரவுகள் வேண்டும் என்பார்கள். உள்நாட்டுக்காரர்கள் இதற்காகத்தான் தவிக்கிறார்கள். நமக்கு ஜூன் மாதமே அந்த இரவு கிடைக்கிறது. பிறகு ஏன் இத்தனை வீடுகளில் இலை மட்டும் தளதளவென்று இருந்து பூ வருவதில்லை? வெளிச்சம் பற்றவில்லை. பார்த்தாலே தெரியும். பூக்கிற சிம்பிடியத்தின் இலை மஞ்சள் கலந்த பச்சையாக, விறைத்து நிற்கும். கரும்பச்சையாக, நீளமாக, துவண்டு தொங்குகிற இலை அழகாகத்தான் இருக்கும், பூக்காது.

வானம் திறந்திருக்கும் மொட்டைமாடி, மேற்குக் கொல்லை, மேல்தள டெக் இவற்றில் பனி வெளிச்சமே போதும். பூத்துத் தள்ளும். இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர் அடைத்த கிழக்குக் கொல்லையில் அதை வைத்துக்கொண்டு உரத்தை மாற்றி மாற்றிப் போடுவதில் பலன் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது எடை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தொட்டி மாற்ற வேண்டும். அந்த நாள் வரும்போது தெரியும். வேர்கள் தொட்டியின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றி இறுகி, செடியே தொட்டியை மேலே தூக்கியிருக்கும். தட்டினால் வராது, பிளாஸ்டிக் தொட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிறகு மரம் அறுக்கும் ரம்பத்தால் நடுவே அறுத்து, துண்டுக்கு மூன்று பல்ப் வீதம் பிரிக்க வேண்டும். (பல்ப் என்பது இலைக்கடியில் வெங்காயம்போல் திரண்டு தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தண்டு. ஆர்க்கிட்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள்.) ஒரு தொட்டி நாலு தொட்டியாகும், இடம்தான் போகும்.

இரண்டாவது வைரஸ். பூ உதிர்ந்ததும் யாரோ நடைபாதையில் "இலவசம்" என்று எழுதி வைத்த தொட்டியை எடுத்து வரும் ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. சிம்பிடியம் மொசைக் வைரஸ் இருந்தால் இலையில் கறுப்புக் கோடுகளும் குழிந்த திட்டுகளும் தெரியும். தெரியாமலும் இருக்கும். மருந்து கிடையாது. ஒரே கத்தியால் அடுத்த செடியை வெட்டினால் அதற்கும் போய்விடும். ஒவ்வொரு செடிக்கும் நடுவே கத்தியை நெருப்பில் காட்டுவது வழக்கமாகட்டும்.

## மஸ்டெவாலியா, டிராகுலா: இந்த ஊர்க் குளிருக்கே பிறந்தவை

கொலம்பியா, எக்குவடோர், பெரு நாடுகளின் மேகக்காடுகளில் 500க்கும் மேற்பட்ட மஸ்டெவாலியா இனங்கள் உண்டு. சின்னச் செடி, உள்ளங்கையளவுத் தொட்டி. மூன்று புறவிதழ்கள் ஒட்டிக் குழலாகி, நுனியில் வாலாக நீளும் பூ. மச்சு பிச்சு பக்கத்திலிருந்து வந்த மஸ்டெவாலியா வெய்ச்சியானாவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல ஆரஞ்சு நிறம், அதன்மேல் மெல்லிய ஊதா ரோமங்கள். பூவைச் சற்றே சாய்த்தால் ஒரு கோணத்தில் நிறமே மாறி மின்னும். போட்டோவில் அது வராது.

நிழல் அதற்குப் பிடிக்கும். கிழக்குக் கொல்லைக்காரர்கள் சிம்பிடியத்துக்காக அழவேண்டாம், இதை வைக்கலாம். இரவு 8, பகல் 20 என்பது அதற்குச் சொந்த ஊர்ச் சமையல். உள்நாட்டில் இதை வளர்ப்பவர்கள் குளிர்சாதனப் பெட்டி, நீர்த்தெளிப்பான், விசிறி என்று கரண்ட் பில் கட்டுகிறார்கள். நாம் கட்டுவது பூஜ்யம்.

பிரச்சினை, இதற்குப் பல்ப் கிடையாது. தண்ணீரைச் சேமிக்க இடமில்லாத செடி. தொட்டியில் மண்ணுக்குப் பதில் நிரப்பும் ஸ்பாக்னம் பாசி மேலே வெளுத்துக் காய ஆரம்பித்த அன்றே ஊற்ற வேண்டும். ஜூலைக் காற்றில் அது தினமும்கூட ஆகலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நிச்சயம். மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்கிற செடி இது அல்ல. டைமர் போட்ட தெளிப்புக்குழாய் வேண்டும். ஹோஸ் இணைப்பு, பேட்டரி டைமர், நுண்தெளிப்பான் எல்லாம் சேர்த்தால் செடியின் விலையைத் தாண்டிவிடும். இதுதான் மஸ்டெவாலியாவின் உண்மையான விலை.

வெப்ப அலையில் முதலில் விழுவதும் இதுவே. 30 டிகிரி இரண்டு நாள் நீடித்தால் இலை பச்சையாக இருக்கும்போதே அடியில் கறுத்துக் கழன்று கையோடு வந்துவிடும். அந்த நாட்களில் தொட்டிகளை வடக்குப் பக்கத் தரையில் இறக்கி, சிமென்ட் தரையையும் சுவரையும் காலை, மதியம் நனைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். சன்செட் வீடுகளில் கீழ்த்தளம் முழுக்க காராஜ். வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான், ஓரிரு நாள் அங்கே வைக்கலாம்.

டிராகுலா இதன் நெருங்கிய உறவு. குரங்கு முகம் என்று இணையத்தில் சுற்றுமே, அந்தப் பூ இந்த இனம்தான். பூந்தண்டு கீழ்நோக்கித் துளைத்துக்கொண்டு போவதால் தொட்டியில் வைத்தால் பூ உள்ளேயே அழுகும், கம்பிக்கூடையில் தொங்கவிட வேண்டும். காற்றில் பூ அரைமணியில் சுருங்கிவிடும். திறந்த டெக்கில் வேண்டாம். காற்றே புகாத ஒரு மூலை இருந்தால் பார்க்கலாம்.

நத்தையும் ரக்கூனும் இன்னொரு தலைவலி. ஓடில்லா நத்தை ஒரே இரவில் மொட்டை மொட்டையாக மேய்ந்துவிடும், அதற்கு இரும்பு பாஸ்பேட் குருணை போதும், நாய் இருக்கும் வீட்டில் மெட்டால்டிஹைடு வேண்டாம். ரக்கூன் புழு தேடிப் பாசியைக் கிளறிப் போடும். தொட்டிமேல் கோழிக்கம்பி வலையைக் கட்டிவிடுங்கள்.

## ஒடோன்டோக்ளாஸம்: முதல் செடிக்கு என் ஓட்டு

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கோடீஸ்வரர்கள் பைத்தியமாகத் திரிந்த பூ இது. கொலம்பியாவின் பாச்சோ பக்கத்துக் காடுகளில் செடிக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். கப்பலில் வந்து சேர்ந்தவற்றை ஆர்க்கிட் என்றாலே புழுக்கம் வேண்டும் என்று நினைத்து நீராவிக் கூடங்களில் வைத்துக் கொன்றார்கள். குளிர்ச்சி வேண்டும் என்று புரிய நெடுநாள் ஆனது. தாவரவியலாளர்கள் இப்போது ஒடோன்டோக்ளாஸத்தை ஒன்சிடியம் பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். கடைக்காரர்கள் இன்னும் பழைய பெயரில்தான் விற்கிறார்கள், தேடும்போது இரண்டையும் தேடுங்கள்.

தூய இனங்களை வாங்கச் சொல்லவில்லை. மற்ற ஒன்சிடியங்களோடும் மில்டோனியாப்சிஸோடும் கலந்த ஒட்டு ரகங்கள் நிறையக் கிடைக்கின்றன. 'கேம்ப்ரியா' என்று எழுதி வருபவை இவைதாம். தாய்வழியில் குளிரும் தந்தைவழியில் கொஞ்சம் சூட்டைத் தாங்கும் சக்தியும் வந்திருப்பதால் அந்த செப்டம்பர் நாட்களைப் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன.

எல்லா அளவுகோலிலும் இது நடுவில் நிற்கிறது. வெளிச்சம் சிம்பிடியத்துக்கு வேண்டியதில் பாதி. பல்ப் உண்டு, எனவே ஒரு வாரம் தாமதமானாலும் பிழைக்கும். ஓய்வுக்காலம் கிடையாது, எனவே குளிர்கால மழை பிரச்சினை இல்லை. சுமார் ஒன்பது பத்து மாதத்துக்கு ஒரு முறை புதுத் தளிர் முற்றிப் பூக்கும், எந்த மாதம் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று தொட்டி இருந்தால் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் குறைந்தால் அது காட்டிக்கொடுக்கும் விதம் வேடிக்கை. புது இலை வெளிவரும்போது சிக்கி, ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி போல மடிப்பு மடிப்பாகிவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அந்த மடிப்பு நிமிராது. மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் ஊருக்குப் போன வாரம் அந்த இலையில் எழுதியிருக்கும்.

இதன் வேர் நூல்போல் மெல்லியது. தொட்டியில் நிரப்பிய மரப்பட்டைக் கலவை மக்கிக் கூழானால் உடனே அழுகும். சிம்பிடியத்துக்கு மூன்று வருஷம் என்றால் இதற்கு வருஷாவருஷம், அதிகம் போனால் ஒன்றரை வருஷத்தில் கலவை மாற்ற வேண்டும். அதோடு மூடுபனி நாட்களில் வெளிர்நிறப் பூவில் போட்ரைட்டிஸ் பூஞ்சை பழுப்புப் புள்ளி வைத்துவிடும். மொட்டு விரியும் சமயத்தில் கூரை விளிம்புக்கு அடியில் நகர்த்துங்கள். சிவப்பு, மரூன் ரகங்களில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. சோம்பேறிகளுக்கு அதுவே வழி.

## ஆஸ்திரேலிய டென்ட்ரோபியம்: ஊருக்குப் போகிறவர்களின் செடி

நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்துப் பாறைகளில் ஒட்டி வளரும் டென்ட்ரோபியம் கிங்கியானம், அதன் அண்ணன் ஸ்பெசியோஸம், இரண்டின் ஒட்டு ரகங்கள். 2 டிகிரியிலிருந்து 35 வரை தாங்கும். தண்டே தண்ணீர்த் தொட்டி, இலையோ தடித்த தோல். கோடையில் இரண்டு மூன்று வாரம் யாரும் கவனிக்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. பிப்ரவரி, மார்ச்சில் இளஞ்சிவப்பு, வெள்ளைக் கொத்துகள், வெயில் பட்டால் வாசனை.

சிக்கல் குளிர்காலத்தில். சொந்த ஊரில் அது காய்ந்திருக்கும் மாதங்களில் இங்கே மழை. நனைந்துகொண்டே இருந்தால் பூ மொட்டு வரவேண்டிய கணுக்களில் குட்டிச் செடிகள் முளைக்கும். அவற்றைப் பிய்த்து நண்பர்களுக்குக் கொடுக்கலாம், உங்களுக்குப் பூ கிடையாது. நவம்பரில் தொட்டியைக் கூரைக்கு அடியில் இழுத்து வைத்தால் வேலை முடிந்தது. அந்த ஒரு வேலையை மறக்காதவர்களுக்கு இதைவிட மலிவான ஆர்க்கிட் இல்லை. ஆனால் வெளிச்சம் நிறைய வேண்டும். நிழல் கொல்லைக்கு இதுவும் ஆகாது.

## டிசா: தைரியம் இருந்தால்

தென்னாப்பிரிக்காவின் டேபிள் மவுன்டன் மலையின் ஓடைக்கரைச் செடி டிசா யூனிஃப்ளோரா. கேப் டவுனிலும் நம்மைப் போலவே குளிர்காலத்தில் மழை, கோடை வறட்சி. கோடையில் தென்கிழக்குக் காற்று மலையுச்சியில் மேகத்தைப் போர்த்தி நனைத்துக்கொண்டே இருக்கும். நம் பருவத்தோடு அச்சாகப் பொருந்தும் ஆர்க்கிட் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். கோடை நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் சிவந்த பூ.

வேர் எப்போதும் ஈரமாக, குளிர்ச்சியாக, உப்பே இல்லாமல் இருக்க வேண்டும். ஹெட்ச் ஹெட்சி தண்ணீருக்காகவே படைத்தது போலிருக்கும். கிணற்று நீர் கலந்த பகுதியில் டிடிஎஸ் அதிகமானால் இலை நுனி கறுத்து, வாரங்களில் செடி போய்விடும். உரத்தைப் பாக்கெட்டில் சொன்னதில் எட்டில் ஒரு பங்காகக் கரைத்தாலும் பயந்து பயந்துதான் கொடுக்க வேண்டும். பூத்த செடி அதோடு மடிந்துவிடும், பக்கக் கன்றுகள்தான் தொடரும். அதனால் வருஷம் தவறாமல் பிரித்து நட வேண்டும். விற்பவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. முதல் செடியாக வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | வெளிச்சம் | கோடைத் தண்ணீர் | குளிர்கால மழையில் | 30 டிகிரிக்கு மேல் | 3 வாரம் ஊருக்குப் போனால் |
|---|---|---|---|---|---|
| சிம்பிடியம் | நிறைய | வாரம் 2 முறை | பரவாயில்லை | தாங்கும் | சொட்டுநீர் டைமர் போதும் |
| மஸ்டெவாலியா | நிழல் | கிட்டத்தட்ட தினமும் | பரவாயில்லை, வடிந்தால் சரி | இலை கொட்டும் | தெளிப்புக்குழாய் இல்லாமல் முடியாது |
| ஒடோன்டோக்ளாஸம் ஒட்டு ரகம் | நடுத்தரம் | 3 நாளுக்கு ஒரு முறை | பூவை மட்டும் காக்கவும் | நிழலில் தாங்கும் | டைமர் நல்லது |
| ஆஸ்திரேலிய டென்ட்ரோபியம் | நிறைய | வாரம் ஒரு முறை | கூரைக்கு அடியில் | கவலை இல்லை | போகும் முன் ஊற்றிவிட்டுப் போகலாம் |
| டிசா | வெளிச்சமான நிழல் | எப்போதும் ஈரம் | பிடிக்கும் | வேர் குளிர்ந்திருந்தால் தாங்கும் | தட்டில் தண்ணீரும் டைமரும் |

தண்ணீர்க் கணக்கெல்லாம் சிறிது காற்றுத் தடுப்பு உள்ள இடத்துக்கு. கடலிலிருந்து நாலைந்து தெருவுக்குள்ளேயே இருப்பவர்கள் கூட்டிக்கொள்ளுங்கள், இலையில் படியும் உப்பை வாரம் ஒரு முறை ஹோஸால் கழுவியும் விடுங்கள்.

## பட்டியலில் வராதவை

மெக்சிகோவின் லேலியா ஆன்செப்ஸ் ட்வின் பீக்ஸுக்குக் கிழக்கே அருமையாக வரும். மேற்கே வெளிச்சம் பற்றாமல் தண்டு மட்டும் நீளும். நாணல் போலத் தண்டு நீளும் எபிடென்ட்ரம் ஆரஞ்சும் சிவப்புமாக மண்ணிலேயே வளர்ந்து வருஷம் பூராவும் பூக்கும், திறந்த வெயில் மூலை இருந்தால் யோசிக்க வேண்டாம்.

சீலோஜினி பற்றி நம்மவர்கள் தனியாகக் கேட்பார்கள். இமயமலையின் சீலோஜினி கிரிஸ்டாட்டா, வெள்ளைப் பூவில் மஞ்சள் வரிகளோடு, இங்கே கிடைக்கிறது. டென்ட்ரோபியம் போலவே குளிர்காலத்தில் மழை படாமல் வைத்தால் போதும். நீலகிரியிலும் சீலோஜினி நெர்வோசா, சீலோஜினி மாஸியே என்று சொந்தமாகவே இரண்டு உண்டு. அடுத்த முறை கோத்தகிரி போகும்போது ஒரு துண்டு பெட்டியில் வைத்து வந்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லா ஆர்க்கிடுகளும் காட்டுயிர், தாவர வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. அனுமதிப் பத்திரமும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் விமான நிலையத்தில் பறிபோகும், காட்டுச் செடி என்றால் இந்தியாவிலேயே குற்றம்.

## எந்த வீட்டுக்கு எது

மேற்குக் கொல்லை அல்லது மேல்தள டெக், கோடையில் ஊருக்குப் போகும் குடும்பம்: சிம்பிடியமும் ஆஸ்திரேலிய டென்ட்ரோபியமும். இடம் சின்னது என்றால் டென்ட்ரோபியம் மட்டும்.

கிழக்குக் கொல்லை, சுவர் அடைத்த நிழல், கோடையில் வீட்டில்தான் இருப்பீர்கள், தினம் காபியோடு ஒரு சுற்று வருகிற பழக்கம் உண்டு: மஸ்டெவாலியா. ஊருக்குப் போவீர்கள் என்றால் அதே இடத்தில் ஒடோன்டோக்ளாஸம்.

எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சம் என்றே இன்னும் தெரியாத புது வீடு: ஒடோன்டோக்ளாஸம் ஒட்டு ரகம் இரண்டு வாங்கி, இரண்டு பக்கமும் ஒன்று வைத்துவிடுங்கள். ஒரு வருஷத்தில் எந்தப் பக்கத்து இலை கரும்பச்சையாகிறது, எது மஞ்சள் பச்சையாகிறது என்று அவையே சொல்லிவிடும்.

வாங்குவதற்கு முன் கோல்டன் கேட் பார்க்கில் ஒரு மதியத்தைச் செலவிடலாம். 1879இல் திறந்த கன்சர்வேட்டரி ஆஃப் ஃபிளவர்ஸில் மலைநாட்டு ஆர்க்கிடுகளுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் ஆண்டிஸ் மேகக்காட்டுத் தாவரங்களைத் திறந்தவெளியிலேயே வளர்க்கிறார்கள். அவற்றை எந்த மரத்தடியில், எந்தத் திசையில் நட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வாருங்கள். செடி வாங்க சான் பிரான்சிஸ்கோ ஆர்க்கிட் சங்கம் நடத்தும் கண்காட்சி நல்ல இடம். அங்கே வளர்ப்பவரிடமே "இது எத்தனை டிகிரியில் வளர்ந்தது?" என்று கேட்கலாம். சூடான கண்ணாடிக்கூடத்திலிருந்து வந்த செடியை நேராகச் சன்செட் காற்றில் வைக்காமல் முதல் மாதம் சுவரோரம் பழக்குங்கள்.

இரண்டு விதமும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. காற்று வரும் பக்கம் சிம்பிடியத் தொட்டிகளை வரிசையாக நிறுத்துங்கள். அந்த நீண்ட இலைகள் காற்றை உடைத்து, பின்னால் நிழலும் தரும். அவற்றின் காலடியில் மஸ்டெவாலியாக்களை வையுங்கள். மேலே ஊற்றுகிற தண்ணீரும் கீழே கசிந்து தரையை ஈரமாக வைத்திருக்கும். ஒன்று மட்டும் கவனம், சிம்பிடியத் தொட்டியிலிருந்து வடியும் உரத் தண்ணீர் மஸ்டெவாலியாவின் மேல் நேராக விழக்கூடாது. அதன் வேருக்கு அந்த உப்பு தாங்காது.